தொட்டிக்குள் ஒரு கம்மாய்

உசிலம்பட்டிப் பக்கம் கம்மாயில் தண்ணீர் தங்குவதே பெரிய பாடு. வைகை அணை 67 அடியைத் தொட்டால்தான் இந்தக் கம்மாய்களுக்கு நீர் தரும் 58 கிராமக் கால்வாய்க்கு வழி. அணையின் முழு நீர்மட்டமே 71 அடி. இப்படிப்பட்ட ஊருக்கென்றே பிறந்தது போல ஒரு நீர்ச்செடி உண்டு: ஆரைக்கீரை. பெரணி இனம், பூக்கவே பூக்காது. காம்புக்கு நாலு இலை. பொழுது சாய்ந்தால் மடங்கிக்கொள்ளும். மூன்று இலையோடு மஞ்சள் பூ பூப்பது புளியாரை, அது வேறு.

வீட்டில் வளர்க்கப் பழைய சிமென்ட் தொட்டி போதும். பாதிக்குக் கரம்பை மண், மேலே நாலு விரல் தண்ணீர். வேரோடு கிள்ளிய ஒரு சாண் கொடியை மண்ணில் அழுத்திவிட்டால் பிடித்துக்கொள்ளும். எரு அதிகமானால் பாசி மண்டும். கொசுவுக்கு நாலைந்து கப்பி மீன் விடுங்கள். சாக்கடை கலக்கும் குளத்துக் கொடியைக் கொண்டுவந்து சமைக்காதீர்கள். உலோக நஞ்சை உறிஞ்சி வைத்திருக்கும்.

இதன் கெட்டிக்காரத்தனம் தண்ணீர் வற்றும்போது தெரியும். காம்படியில் மிளகளவு கறுப்பு உருண்டைகள் திரளும். உள்ளே இருப்பவை விதையல்ல, ஸ்போர் எனப்படும் வித்துகள். காய்ந்த மண்ணில் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். உருண்டையின் ஓட்டை லேசாகக் கீறித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: கூழ் போன்ற வெள்ளை நாடா ஒன்று, இருபுறமும் வித்துப் பைகளைச் சுமந்தபடி நீண்டு வெளியே வரும்.

வறட்சியை வென்ற இந்தச் செடி களைக்கொல்லிக்குத் தோற்கிறது. நெல் விவசாயிக்கு இது களைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் உருண்டை கட்டுமுன்னே போகம் போகமாக மருந்தடித்தால், மண்ணில் அடுத்த மழைக்கு என்ன மிஞ்சும்? வரப்போரம் ஒரு கை ஆரை பறித்துப் பருப்பில் போட்ட வழக்கமும் அதோடு போகிறது. நீரிழிவுக்கும் அதிமூத்திரத்துக்கும் சித்த மருத்துவம் சொல்லும் கீரை இது. அதற்காகத் தினமும் தின்ன வேண்டியதில்லை. தயாமின் சத்தை அழிக்கும் நொதி இந்த இனத்தில் உண்டு. 1861-இல் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் சிக்கிய பர்க், வில்ஸ் என்ற ஆய்வுப் பயணிகள் இருவரும் இதன் உறவுச்செடியான நார்டூவின் உருண்டையை மாவாக்கித் தின்று மெலிந்து மடிந்தார்கள். அங்குள்ள பூர்வகுடிகளுக்கு அதைப் பக்குவப்படுத்தும் முறை தெரிந்திருந்தது. நாம் இலையை நன்றாக வேகவைத்து, எப்போதாவது சாப்பிடலாம்.

கோடையில் தொட்டி காய்ந்தாலும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். உருண்டைகளில் கொஞ்சம் பொறுக்கிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.