முனை இல்லாத கத்தி!

தேங்காய் உடைத்தாயிற்று. இட்லி வெந்துவிட்டது. சட்னி அரைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு நேரம் ஆகிறது.

அம்மா ஒரு மூடியை இடது கையில் ஏந்துகிறார். கத்தியின் கூர் முனையைப் பருப்புக்கும் கொட்டாங்கச்சிக்கும் நடுவே விட்டு நெம்புகிறார். கத்தி சறுக்குகிறது. "ஐயோ!" என்று ஒரு சத்தம். உள்ளங்கை முழுவதும் ரத்தம்!

இது பல வீடுகளில் நடக்கும் கதை. குற்றம் அம்மாவின் மேல் இல்லை. அவசரத்தின் மேல் பாதி. கத்தியின் மேல் பாதி. கூர் முனைக் கத்தி குத்துவதற்கு ஏற்றது. அதை நெம்புவதற்குப் பயன்படுத்தினால் ஒன்று சறுக்கும். இல்லையேல் முனை ஒடிந்து தெறிக்கும். தெறித்த துண்டு கண்ணில் பட்டால் என்ன ஆகும்?

நெம்பவும், சுரண்டவும், வெட்டவும் ஏற்ற கத்தி ஒன்று இருக்கிறது. அதுதான் உளி முனைக் கத்தி.

அரசன் போட்ட கட்டளை

முனை இல்லாத கத்தி புதிய யோசனை அல்ல. பிரான்சு நாட்டை ஆண்ட 14-ம் லூயி மன்னன் 1669-ம் ஆண்டில் ஒரு கட்டளை போட்டான். "தெருவிலும், சாப்பாட்டு மேஜையிலும் கூர் முனைக் கத்தி கூடாது" என்பது கட்டளை. சாப்பிடும் இடத்திலேயே சண்டை வந்து, கையில் இருந்த கத்தியால் குத்திக்கொண்டார்கள். அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. முனைகள் தேய்த்து மழுக்கப்பட்டன.

கப்பல் மாலுமிகளும் மொட்டை முனைக் கத்தியையே விரும்பினார்கள். அலையில் கப்பல் ஆடும். கயிறு அறுக்கும்போது கால் தடுமாறும். கூர் முனை இருந்தால் தன்னையோ, பக்கத்தில் நிற்பவனையோ குத்திவிடும்.

உளி முனை என்றால் என்ன?

தச்சர் கையில் உள்ள உளியைப் பாருங்கள். நுனி ஊசிபோல் இராது. குறுக்கே நேராக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டியிருக்கும். கத்தியின் நுனியும் அப்படி இருந்தால் அது உளி முனை. பக்கவாட்டில் வழக்கமான கத்தி வாய் உண்டு. ஆகவே, ஒரே சாமானில் கத்தியும் உண்டு. சிறு உளியும் உண்டு.

இதனால் என்ன செய்யலாம்? தேங்காய்ப் பருப்பை நெம்பி எடுக்கலாம். தரையில் சிந்திய மெழுகைச் சுரண்டலாம். ஜன்னலில் உரிந்து நிற்கும் பழைய பெயிண்டைச் சுரண்டலாம். அட்டைப்பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழிக்கலாம். தோட்டத்தில் சிறு களையை வேரோடு கிளப்பலாம். சுற்றுலா போகும் இடத்தில் சுள்ளி சீவலாம், கயிறு அறுக்கலாம், பழம் நறுக்கலாம்.

இதனால் முடியாத காரியமும் உண்டு. துளை போட முடியாது. மீனின் வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்வதற்கு வசதிப்படாது. இரும்புப் பெட்டியின் மூடியையோ, ஆணியையோ நெம்பவும் கூடாது. அது கடப்பாரையின் வேலை!

தேங்காய் எடுக்கும்போது இன்னொரு விஷயம். எந்தக் கத்தியானாலும் மூடியைக் கையில் ஏந்தாதீர்கள். மடித்த துணியின் மேல் தரையில் வைத்து நெம்புங்கள். கத்தி போகும் வழியில் கை இருக்கக் கூடாது.

மடக்குவதா, மடங்காததா?

மடக்குக் கத்தி பையில் அடங்கும். ஆனால் அழுத்தி நெம்பும்போது கீல் தளர்ந்து, கத்தி விரல் மேல் மடங்கலாம். கீலுக்குள் அழுக்கும் சேரும். நெம்புகிற வேலைக்கு மடங்காத கத்தியே மேல்.

கடையில் வாங்கும்போது முதலில் பிடியைப் பாருங்கள். கத்தித் தகட்டின் வால், பிடியின் கடைசி வரை போக வேண்டும். பிடியின் ஓரத்தில் இரும்பு தெரிந்தால் வால் முழுவதும் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு அல்லது மூன்று தறையாணி அடித்திருக்க வேண்டும். வால் குட்டையாக இருந்தால் ஒரு நாள் பிடி தனியாக வந்துவிடும்.

பிடி உள்ளங்கையை விடச் சற்று நீளமாக இருக்கட்டும். ஈரக் கையில் வழுக்கக் கூடாது. பளபளப்பான பிடி பார்க்க அழகு. மீன் கழுவிய கையில் ஆபத்து. விரல் முன்னே சறுக்காமல் தடுக்க, பிடியின் முன்பக்கம் ஒரு புடைப்போ பள்ளமோ இருப்பது நல்லது.

தகட்டின் நீளம் 4 அங்குலம் போதும். கனம் 3 மில்லிமீட்டர் இருந்தால் நெம்பும்போது வளையாது. அதற்கு மேல் கனம் இருந்தால் காய் நறுக்க வராது, பிளக்கத்தான் வரும்.

கத்தி வாய் இரண்டு பக்கமும் தீட்டியதாக இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் தீட்டிய வாய், வெட்டும்போது ஒரு பக்கமாக இழுக்கும். இடது கைக்காரர்களுக்கு அது மேலும் தொல்லை. ஒரு பக்கச் சரிவு நுனிக்கு மட்டும் போதும்.

எந்த எஃகு?

கத்திக்கு உயிர் எஃகு. இரும்போடு சிறிது கரி சேர்ந்தால் எஃகு. நல்ல கத்தி எஃகில் 100 பங்கில் அரைப் பங்கு முதல் 1 பங்கு வரை கரி இருக்கும். லாரியின் பட்டைச் சுருள்வில்லில் சுமார் 0.6 பங்கு உண்டு. அதனால்தான் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையைத் தேடி வாங்கி அரிவாள் அடிக்கிறார்கள்.

எஃகுக்குத் தென்னாடு பழைய காலத்திலேயே பேர் பெற்றது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழங்கால இரும்பு உலைகள் அகழ்ந்து எடுக்கப்பட்டன. நம் நாட்டு உருக்கின் பெருமையைக் கேட்டு, லண்டனில் மைக்கேல் பாரடே 1819-ம் ஆண்டில் அதைச் சோதித்துப் பார்த்தார். மின்சார ஆராய்ச்சியில் பெரும்புகழ் பெற்ற அந்த விஞ்ஞானி ஒரு கொல்லரின் மகன்!

கரி எஃகுக் கத்திக்கு ஒரு குறை. துருப் பிடிக்கும். எலுமிச்சம்பழமும் மாங்காயும் பட்டால் கறுக்கும். கழுவியதும் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் பல வருஷம் உழைக்கும்.

துரு வேண்டாம் என்பவர்களுக்கு எவர்சில்வர் கத்தி. இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரைச் சேர்ந்த ஹாரி பிரியர்லி 1913-ம் ஆண்டில் துருப் பிடிக்காத எஃகைக் காய்ச்சினார். அவர் அப்போது துப்பாக்கிக் குழாய் தேயாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தார். கிடைத்ததோ கத்திக்கு ஏற்ற எஃகு! அதில் 100 பங்கில் சுமார் 13 பங்கு குரோமியம் இருந்தது.

ஆனால் எல்லா எவர்சில்வரும் கத்திக்கு ஆகாது. டம்ளர், தட்டு செய்யும் எவர்சில்வரைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. அதில் செய்த கத்தி சீக்கிரம் மழுங்கும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டாவிட்டால் அந்தக் கத்தி வேண்டாம். ஒட்டினால் மட்டும் உயர்ந்த சரக்கு என்று முடிவு கட்டவும் வேண்டாம். பிடி, வால், வாய் எல்லாவற்றையும் பாருங்கள்.

ஒடிந்த கத்தியை எறியாதீர்கள்

வீட்டில் முனை ஒடிந்த பழைய கத்தி கிடக்கிறதா? தகடு கனமாக இருந்தால் சாணைக்காரரிடம் கொடுங்கள். நுனியைக் குறுக்கே நேராக்கி, ஒரு பக்கம் சரித்துத் தரச் சொல்லுங்கள். உளி முனைக் கத்தி தயார்!

ஒரு ஜாக்கிரதை. சாணையில் கத்தி சூடேறி நீல நிறமானால், அந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தீட்டச் சொல்ல வேண்டும்.

வீட்டில் தீட்டுவதற்கு ஒரு சாணைக்கல் போதும். கல்லில் கத்தியைப் படுக்க வைத்து, முதுகை மட்டும் சற்றுத் தூக்குங்கள். சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு இடைவெளி சரி. இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டுங்கள். கூர் வந்ததா என்று கட்டைவிரலில் பார்க்காதீர்கள். ஒரு காகிதத்தை வெட்டிப் பாருங்கள். மழுங்கிய கத்திதான் அதிக ஆபத்து. அதை அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தினால் சறுக்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்தி, ஆயுதச் சட்ட விதிகளில் ஆயுதமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கத்திகளுக்கு விலக்கு உண்டு. 4 அங்குலக் கத்தி இந்த அளவுக்குள் வராது. ஆனாலும் அதை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவில் நடப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும். உறையில் போட்டு, பையின் அடியில் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கத்தி கொண்டுபோகக் கூடாது.

உறை இல்லாத கத்தியை வாங்காதீர்கள். தலைகீழாகப் பிடித்தாலும் கத்தி உறையை விட்டு விழக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கழுவ வேண்டிய பாத்திரங்களோடு தண்ணீருக்குள் போடாதீர்கள். அடுத்தவர் கை போட்டால் வெட்டிவிடும். கை தவறிக் கத்தி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். காலை நகர்த்திக்கொள்ளுங்கள்.

வெட்டிவிட்டால்?

சுத்தமான துணியை வைத்துக் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். கையை உயரத் தூக்குங்கள். 10 நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். காப்பித் தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். ரத்தம் நிற்காவிட்டாலும், விரல் மடங்காவிட்டாலும், மரத்துப் போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கத்தி வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம்; பளபளப்பைப் பார்க்கிறோம். தினமும் அதைப் பிடிக்கப்போகும் கை யாருடையது என்பதையும் பாருங்கள். அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். அவர் கைக்கு அடங்குகிற கத்தியே வீட்டுக்கு நல்ல கத்தி!