40 டாலர் டப்பா

இந்த வார எபிசோடில் கிராபிக்ஸ் கார்டு பத்திப் பேசியே நேரம் ஓடிப்போச்சு. பவர் சப்ளை பத்தி ஒரு வார்த்தைகூட சொல்லலை. அதை இங்கே எழுதிடுறேன்.

அக்கா மகன் பிராம்ப்டனில் இருக்கான், வயசு 17. கோடை விடுமுறை முழுக்க மளிகைக் கடையில் பெட்டி தூக்கி 1,600 டாலர் சேர்த்து, கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண ஒரு பட்டியல் போட்டு வாட்ஸப்பில் அனுப்பினான். ரைசன் 5 7600, ஆர்டிஎக்ஸ் 4070, 32 ஜிபி ராம், கலர் கலரா மின்னுற ஆறு ஃபேன். நல்ல பட்டியல்தான். கடைசி வரியில் பேரே கேள்விப்படாத ஒரு பவர் சப்ளை, 40 டாலர்.

ஊரில் எஸ்எம்பிஎஸ் என்போமே, அந்த டப்பாதான். அதை நல்லதா வாங்கினாலும் கேமில் ஒரு ஃபிரேம்கூட கூடாது. அதனாலேயே எல்லாரும் அங்கே காசை மிச்சம் பிடிக்கிறாங்க. நானும் பிடிச்சவன்தான். 2016இல் வாங்கின மலிவு சப்ளை ஒரு ராத்திரி டப்புனு சத்தம் போட்டு நின்னுச்சு. மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்தே கூட்டிட்டுப் போயிடுச்சு. அப்பா கனடா வந்திருந்தப்போ எடுத்த வீடியோ எல்லாம் அந்த டிஸ்கில்தான். பேக்கப் இல்லை. அப்பாவும் இப்போ இல்லை. மதர்போர்டு மட்டும் வேற வாங்கிட்டேன்.

பையனுக்குப் போன் போட்டேன்.

"80 பிளஸ் பிரான்ஸ் ஸ்டிக்கர் இருக்கே மாமா?"

அந்த ஸ்டிக்கர் சொல்றது, சுவரிலிருந்து இழுக்கிற கரண்டில் எவ்வளவு வீணாகாம உள்ளே போகுதுங்கிறதை மட்டும்தான். பாதி லோடில் பிரான்ஸ் 85%, கோல்ட் 90%. ஷார்ட் ஆனா உடனே அணையுமா, உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் எத்தனை வருஷம் தாங்கும், இதையெல்லாம் அது சொல்லாது. கிகாபைட்டோட பி750ஜிஎம், பி850ஜிஎம் மாடல்கள் ரெண்டும் கோல்ட்தான். சோதனை பண்ணினவங்க கையில் வெடிச்சது. அளவுக்கு மேல் இழுத்தா அணைச்சுவிட வேண்டிய பாதுகாப்பு, 120 முதல் 150% வரை போன பிறகுதான் வேலை செய்யிற மாதிரி வெச்சிருந்தாங்க. 2021 ஆகஸ்டில் கம்பெனியே அதை 110–120%க்குக் குறைச்சு, பழசை மாத்தித் தர்றதா அறிவிச்சது.

அப்போ எத்தனை வாட் வேணும்? 4070க்கு 200, சிபியுவுக்கு 90க்குள், மத்ததுக்கு 60. மொத்தம் 350. என்விடியா சொல்ற 650 தாராளம். 1,000 வாட் வாங்கச் சொல்றவங்ககிட்ட சிரிச்சுட்டு நகர்ந்துடலாம். ஆனா கார்டு கண் இமைக்கிறதுக்குள்ளே திடீர்னு எகிறும். ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி செஞ்ச சப்ளை, 100 மைக்ரோசெகண்டுக்கு ரெண்டு மடங்கு சுமையைத் தாங்கணும். பெட்டியில் அது போட்டிருக்கானு பாருங்க. அடுத்து வாரண்டி. சீசானிக் ஃபோகஸ் ஜிஎக்ஸ், கோர்சேர் ஆர்எம்எக்ஸ் ரெண்டுக்கும் 10 வருஷம் தர்றாங்க. கிராபிக்ஸ் கார்டை ஓட்டிப் பார்த்து செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். இதை மட்டும் வேண்டாம்.

பழைய சப்ளையோட கேபிளைப் புதுசில் மாட்டவே கூடாது. டிஸ்க் பக்கம் எல்லாம் ஒரே மாதிரி பொருந்தும், சப்ளை பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாட்டின நிமிஷமே டிஸ்க் போயிடும். ஊருக்கு எடுத்துட்டுப் போறவங்க இன்னொண்ணும் பாருங்க: சில மலிவு டப்பாவின் பின்னாடி 115/230னு சின்ன சிவப்பு சுவிட்ச் இருக்கும். 115லயே விட்டுட்டு சென்னையில் செருகினா வேடிக்கைதான்.

பையன் ஆறு ஃபேனை மூணாக் குறைச்சான், மினுக்குற ராமையும் விட்டான். 120 டாலரில் நல்ல சப்ளை வந்துடுச்சு.

போன ஞாயிறு ராத்திரி 11 மணிக்குப் போன். "மாமா, எல்லாம் மாட்டிட்டேன். ஆனே ஆகலை."

"பின்னாடி சுவிட்சைப் போட்டியாடா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஃபேன் சுத்துற சத்தம் கேட்டுச்சு.