சிவன்மலைக் குருந்தம்

சாமளாபுரத்திலிருந்து நொய்யலின் போக்கிலே கிழக்கு நோக்கிச் சென்று, திருப்பூரைக் கடந்து காங்கயம் சாலையைப் பற்றுவோமாயின், சிவன்மலை தோன்றும். முருகன் கோயிலாற் பெயர்பெற்ற இக்குன்றைப் பூகர்ப்ப நூலார் பிறிதொரு காரணம் பற்றியும் அறிவர். இதன் பாறைகளைக் குறித்து தாமஸ் ஹாலந்து என்பார் 1901-ஆம் ஆண்டில் தனி நூலே வரைந்தனர். அப்பாறைகளுள் ஒருவகையிற் பதிந்து கிடப்பது குருந்தம்.

ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என வழங்கும் பெயர் நம் தமிழ்ச் சொல்லினின்று பிறந்ததே. ஆசியாவினின்று சென்ற இக்கல்லைப்பற்றிச் சார்ல்ஸ் கிரெவில் 1798-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாணிக்கமும் நீலமும் குருந்தமே என்பதைப் பூர்னான் பிரபு 1802-இல் விளக்கினார். சிறிது குரோமியம் கலப்பின் மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் கலப்பின் நீலம். சாணைபிடிக்க உதவும் மங்கிய கல்லை மாணிக்கத்தோடு ஒரு குலத்தில் வைத்தது கண்டு இரத்தின வணிகர் முகஞ் சுளிக்கலாம். இரசாயன நூலுக்கு விலை தெரியாது!

இஃது அலுமினியமும் பிராணவாயுவும் இரண்டுக்கு மூன்று என்ற அணுக்கணக்கிற் கூடிய பொருள். ஆதலின் ஆக்ஸைடு வகுப்பில், இரும்புத் தாதுவாகிய ஹெமடைட்டின் இனத்தில் வைக்கப்பெறும். கடினத்தில் ஒன்பதாம் படி. வைரமொன்றே அதற்கு மேற்படி. நீரினும் நான்கு மடங்கு கனமுடையது. ஆறு பட்டையுடைய பீப்பாய் வடிவிற் படிகமாகும். அமிலங்களிற் கரையாது.

பூமியின் மேலோட்டில் நூற்றுக்கு எட்டுப் பங்களவு அலுமினியம் உண்டு. அங்ஙனமிருந்தும் குருந்தம் அரிதாவது ஏன்? மணற்சத்தாகிய சிலிக்கா எங்கும் மலிந்துள்ளது. அலுமினியத்தைக் கண்டவிடத்தெல்லாம் அது பற்றிக்கொண்டு ஃபெல்ஸ்பார் முதலிய கற்களை ஆக்கிவிடும். சிவன்மலையின் பாறைக்குழம்பிலோ சிலிக்கா குறைவு. உள்ள சிலிக்கா முழுவதும் ஃபெல்ஸ்பாருக்கே செலவாகிவிட, எஞ்சிய அலுமினியம் குருந்தமாய்த் தனித்து உறைந்தது.

ஆகவே குருந்தமும் சிலிக்காவின் தூய வடிவாகிய வெண்பளிங்கும் இத்தகைய பாறையில் ஒருங்கே ஒட்டிப் பிறத்தல் இயல்பன்று. குருந்தத்தை அடுத்து வெண்மணியொன்றைக் காணும் மாணவர் அதனைப் பளிங்கென்று எழுதிவிடலாகாது. உடைத்துப் பார்க்க வேண்டும். மட்டமான பளபளக்கும் தளங்களாய்ப் பிளப்பது ஃபெல்ஸ்பார்; பளிங்கு அவ்வாறு பிளவாது, சங்கின் உட்புறம்போல் வளைந்து உடையும்.