மூன்று பேர் முந்நூறு பேரானது எப்படி?



1978 ஜனவரி. இங்கிலாந்தின் வடபகுதியில் ஓர் உறைவிடப் பள்ளி. மொத்தம் 763 மாணவர்கள்; பெரும்பாலோர் அங்கேயே தங்கிப் படித்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஒருநாள் 3 பேர் காய்ச்சலோடு படுத்தார்கள். மறுநாள் 8 பேர். மூன்றாம் நாள் எண்ணிக்கை 25-ஐத் தாண்டியது. ஆறாம் நாள் ஏறக்குறைய 300! இரண்டு வாரத்துக்குள் 512 பேரைக் காய்ச்சல் படுக்கையில் தள்ளிவிட்டது. வந்தது இன்ஃப்ளுயன்சா, அதாவது ஃப்ளூ.

எப்படி இத்தனை வேகம்? ஃப்ளூ வைரஸ் உடலுக்குள் புகுந்த 1 முதல் 4 நாட்களில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி எல்லாம் தொடங்கும். ஆனால் அதற்கு ஒருநாள் முன்பே அது அடுத்தவருக்குப் பரவ ஆரம்பித்துவிடும்! நன்றாக ஓடியாடும் மாணவன், தனக்கே தெரியாமல் பக்கத்துக் கட்டில் நண்பனுக்குக் காய்ச்சலைக் கொடுத்துவிடுவான். சேர்ந்து உண்டு, சேர்ந்து உறங்கும் விடுதியில் ஒருவரிடமிருந்து மூன்று பேர், அந்த மூவரிடமிருந்து ஒன்பது பேர் என்று பெருகினால், கணக்கு எங்கே போகும்? நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இன்னொரு வியப்பு! அந்தப் பள்ளியில் மாணவர்களோடு பழகிய பெரியவர்கள் சுமார் 130 பேர். அவர்களில் நோய் கண்டவர் ஒரே ஒருவர்! காரணம் இதுதான்: எச்1என்1 என்ற அந்த வகை வைரஸ் 1957 வரை உலகில் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு மறைந்து, 1977-இல் திரும்பி வந்தது. பெரியவர்களில் பலரது உடல் அதை முன்பே சந்தித்திருந்தது, எதிர்க்கவும் கற்றிருந்தது. 1957-க்குப் பின் பிறந்த மாணவர்களுக்கோ அது புது எதிரி.

நோய் வருவதற்கு முன்பே உடலுக்கு எதிரியை அறிமுகப்படுத்துவதுதான் தடுப்பூசி. ஃப்ளூ வைரஸ் அடிக்கடி உருமாறும். அதனால் எந்த வகைகளுக்கு ஊசி தயாரிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது. ஊசி போட்டபின் பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். எனவே காய்ச்சல் காலம் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

விடுதியில் நாம் செய்ய வேண்டியவை வேறு சிலவும் உண்டு. ஃப்ளூ வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை இருக்கிறது. சோப்பு அதைச் சிதைத்துவிடும். அதனால் 20 விநாடி நன்றாகத் தேய்த்துக் கை கழுவுங்கள். இருமலோ தும்மலோ வந்தால் முழங்கை மடிப்பால் வாயையும் மூக்கையும் மூடுங்கள். டம்ளர், துண்டு இரண்டையும் யாரோடும் பகிர வேண்டாம். அறை ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வெளிக்காற்று வந்தால் உள்ளே மிதக்கும் நுண்துளிகள் குறையும்.

காய்ச்சல் வந்தவருக்குத் தனி அறை, ஓய்வு, கஞ்சி, நிறையத் தண்ணீர் வேண்டும். ஃப்ளூ என்பது வைரஸால் வருவது; ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆஸ்பிரின் சிறுவர்களுக்கு ஆபத்தான பின்விளைவைத் தரக்கூடும். ஆகவே மருத்துவர் சொல்லும் மருந்து மட்டும் போதும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்து, உடம்பும் தேறிய பிறகுதான் வகுப்புக்குத் திரும்பலாம்.

"நாளைக்குப் பரீட்சை, வார்டனிடம் சொன்னால் தனியறையில் போட்டுவிடுவார்" என்று சிலர் காய்ச்சலை மறைப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பரீட்சையைப் பிறகும் எழுதலாம். முதல் நாளே நீங்கள் சொல்லிவிட்டால், உங்களிடமிருந்து தொற்றவிருந்த மூன்று பேரில் சிலராவது தப்பிப்பார்கள். அவர்களால் இன்னும் பலர் தப்பிப்பார்கள். உடம்பு சுடுகிறதா? அப்போதே வார்டனிடம் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டில் நண்பனுக்குச் சுட்டால், அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.