நெஞ்சு படபடக்கும் பிள்ளையும் வீட்டாரின் பொறுப்பும்



ஜும்ஆ நாளில் பள்ளிவாசலின் கடைசி வரிசையைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முன்வரிசைகளில் இடம் இருந்தும் வாசற்படியை ஒட்டியே நிற்கும் இளைஞர் ஒருவர் அங்கே இருக்கக்கூடும். தாமதமாக வந்தவர் என்றோ, இமாம் ஸலாம் கொடுத்ததும் முதல் ஆளாக வெளியேற நினைப்பவர் என்றோ நாம் முடிவு கட்டிவிடுகிறோம். வேறொரு காரணமும் இருக்கலாம். கூட்டத்தின் நடுவே நின்றால் அவருடைய நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உள்ளங்கை வியர்த்து விரல்கள் மரத்துப் போகின்றன, இதோ விழுந்துவிடப் போகிறோம் என்று தோன்றுகிறது. அப்படி ஏதேனும் நேர்ந்தால் யாருக்கும் தெரியாமல் வெளியேறிவிடலாம் என்றுதான் அவர் வாசலருகே நிற்கிறார். இதை அவர் எவரிடமும் சொல்வதில்லை. இன்னும் சில வாரங்களில் அவர் வருவதையே நிறுத்திவிடவும் கூடும்.

திருவண்ணாமலை மாவட்டத்துக் களம்பூரை எடுத்துக்கொள்வோம். ஆரணிப் பட்டும் அரிசி ஆலைகளும் பிழைப்பளிக்கும் வட்டாரம் அது. குழித்தறியில் கால் வைத்து நெய்த தலைமுறையின் பிள்ளைகள் பலர் இன்று பட்டம் பெற்று வெளியூர் வேலைகளைத் தேடிப் போகிறார்கள். வீட்டுக் கடன், தங்கையின் திருமணம், நேர்முகத் தேர்வு, புதிய ஊரின் தனிமை ஆகியவை இருபது வயதைக் கடந்ததுமே ஒருவர் தோளில் வந்து அமர்கின்றன. பதற்ற நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் இந்த வயதில்தான்.

அப்படியொரு வீட்டை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். நள்ளிரவில் பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுகிறான். பதறியடித்து மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். இசிஜி எடுக்கிறார்கள். "ஒன்றுமில்லை, அழைத்துப் போங்கள்" என்கிறார் மருத்துவர். அடுத்த வாரம் அதே படபடப்பு, வேறொரு மருத்துவமனை, அங்கும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறை ஒருவர் வாய்வு என்கிறார், இன்னொருவர் கண்ணேறு என்கிறார், மற்றொருவர் வேலைக்குப் போகச் சோம்பல்பட்டு நடிக்கிறான் என்கிறார்.

இந்த "ஒன்றுமில்லை" என்ற சொல்லே பாதித் தொல்லைக்குக் காரணம் என்பேன். இதயத்தில் கோளாறு இல்லை என்ற பொருளில் மருத்துவர் அதைச் சொன்னார். மகன் பொய் சொல்கிறான் என்ற பொருளில் வீட்டார் அதைக் கேட்டுக்கொண்டார்கள். தனக்கு நேர்ந்தது மருத்துவருக்கே விளங்காத ஏதோ ஒன்று என்ற பொருளில் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டான். அவன் அச்சம் இரட்டிப்பானது.

உண்மையில் அங்கே நிகழ்ந்தது என்ன? ஆபத்தைக் கண்டால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலை ஆயத்தப்படுத்தும் ஓர் ஏற்பாட்டை இறைவன் மனிதனுக்குள் வைத்திருக்கிறான். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பிகள் அட்ரினலின் என்னும் சுரப்பை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. தோலுக்கும் வயிற்றுக்கும் செல்லும் இரத்தம் குறைந்து, கை கால்களின் பெரிய தசைகளுக்குச் செல்வது கூடுகிறது. அதனால்தான் விரல் சில்லிடுகிறது, வயிறு பிசைகிறது, வாய் உலர்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேனன் இந்த உடல் மாற்றங்களை ஆராய்ந்து 1915-இல் நூலாகவே எழுதினார்.

தெருநாய் துரத்தும்போது இந்த ஏற்பாடு நம் உயிரைக் காக்கிறது. துரத்தும் நாய் எதுவும் இல்லாதபோதும் அது விழித்துக்கொள்வதுதான் பதற்ற நோய். கண் முன்னே ஆபத்து எதுவும் தெரியாததால், ஆபத்து தன் உடலுக்குள்ளேயே இருப்பதாக அந்த இளைஞன் நினைக்கிறான். இதயம் நின்றுவிடப் போகிறது என்று அஞ்சுகிறான். அந்த அச்சம் மேலும் அட்ரினலினைச் சுரக்கச் செய்கிறது. மூச்சு போதவில்லை என்று எண்ணி வேகவேகமாக மூச்சு வாங்குகிறான்; அதனால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தலைசுற்றல், உதட்டைச் சுற்றிய மதமதப்பு, விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவை பெரும்பாலும் இதன் விளைவுகளே. காற்று குறைந்துவிட்டதாக அவன் உணரும் அந்த வேளையில், அவன் தேவைக்கு மேல் காற்றை வாங்கிக்கொண்டிருக்கிறான்! பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டும் இந்தத் தாக்குதல் மெல்ல மெல்லத் தானே தணிந்துவிடும். உடலுக்கு அந்தச் சுரப்பை முடிவின்றி இறைத்துக்கொண்டிருக்க இயலாது.

உள்ளத்தின் கலக்கம் உடலில் வெளிப்படும் என்பது நம் முன்னோர்க்குப் புதிய செய்தியன்று. பல்கு நகரப் பகுதியில் பிறந்து ஹிஜ்ரி 322-இல், அதாவது கி.பி. 934-இல், மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். அச்சம், துயரம், கோபம், ஓயாத வீண் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து, உடல் நோயைப் போலவே இவையும் மனிதருக்கு வருபவை, கவனித்துச் சீராக்கத்தக்கவை என்று விளக்கினார். அந்நூலின் கையெழுத்துப் படிகள் இஸ்தான்புல்லில் பாதுகாக்கப்பட்டுள்ளன. சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரி அதன் உள்ளநலப் பகுதியை 2013-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இப்னு ஸீனாவோ, காதலால் நலிந்த நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தால், உரிய பெயர் வரும்போது நாடி மாறித் துடிக்கும் என்று எழுதிவைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு தெளிவு இருந்தது. நம் வீடுகளிலோ இன்றும், "ஈமான் உள்ளவனுக்குப் பயம் வருமா?" என்று பிள்ளையைக் கேட்கிறோம்.

வரும். நபி மூஸா (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது, தம் நெஞ்சு நெருக்கடிக்குள்ளாவதையும் நாவு சரளமாக வராததையும் தம் இறைவனிடம் எடுத்துச் சொன்னதைக் குர்ஆன் கூறுகிறது. அதற்காக அவர்கள் கடிந்துகொள்ளப்படவில்லை. சகோதரர் ஹாரூன் (அலை) துணையாகக் கொடுக்கப்பட்டார்கள்.

இதைவிட நம் குடும்பங்களுக்கு நெருக்கமான நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஹிரா குகையில் முதல் வஹி இறங்கியதும் நபி (ஸல்) அவர்கள் உள்ளம் நடுங்க வீடு திரும்பினார்கள்; தம்மைப் போர்த்தும்படி கேட்டார்கள். அது வஹியின் கனம். அதை நாம் பேசும் நோயோடு ஒப்பிடுவது பெரும் பிழை. ஆனால் நடுங்கி வரும் ஒருவரை வீட்டார் எப்படி ஏற்க வேண்டும் என்பதை அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் கற்கலாம். வந்தவுடன் அவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்கவில்லை. முதலில் போர்த்தினார்கள். நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு சொல்லப்பட்டதைக் கேட்டார்கள். உறவினரை அரவணைத்ததையும் இயலாதோரின் சுமையைத் தாங்கியதையும் நினைவூட்டி, இறைவன் கைவிடமாட்டான் என்று தேற்றினார்கள். அத்துடன் நின்றுவிடாமல், விவரம் அறிந்த வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள்.

நம் வீட்டிலும் அறிந்தவரிடம் அழைத்துச் செல்வது கட்டாயம். முதலில் ஒரு பொது மருத்துவர் முறையாகச் சோதிக்கட்டும். தைராய்டு மிகையானாலும், இரத்தச் சோகை இருந்தாலும், சர்க்கரை இறங்கினாலும், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டாலும் படபடப்பு வரும். ஓடும்போதோ சுமை தூக்கும்போதோ நெஞ்சு வலித்து அது கைக்கும் தாடைக்கும் பரவினாலும், நினைவிழந்து விழுந்தாலும், குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலும் தாமதம் கூடாது. வலி நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். சோதனையில் குறை எதுவும் இல்லையென்றால், அதற்குப் பின் மருத்துவமனை மருத்துவமனையாக இசிஜி எடுத்து அலைவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு இசிஜியும் ஒருநாள் ஆறுதல் தரும். மறுநாள் ஐயத்தை வளர்க்கும்.

அடுத்துச் செல்ல வேண்டியது மனநல மருத்துவரிடம். இங்கேதான் நம்மவர் கால் தயங்குகிறது. "பைத்தியம் என்று ஊர் சொல்லிவிட்டால்?" என்ற வெட்கம் குறுக்கே நிற்கிறது. அந்த வெட்கம் எந்த எல்லைவரை கொண்டுசெல்லும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்கா இருக்கும் அவ்வூரில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. அங்கிருந்த மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் குடும்பத்தாரால் மறைத்து வைக்கப்பட்டவர்கள் என்று எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது. பதற்ற நோய் அத்தகைய கடும் மனநோயன்று; படபடப்பு உள்ள பிள்ளையை எவரும் சங்கிலியில் கட்டப்போவதில்லை. ஆயினும் மறைத்தல், நாள் கடத்தல், மருந்துக்குப் பதிலாகத் தாயத்து என்ற பாதை இரண்டுக்கும் ஒன்றே. பின்னாளில் ஏர்வாடியிலேயே பிரார்த்தனைக்கு வருவோர் மருந்தும் பெறும்படி 'தவா-துவா' என்ற திட்டத்தை அரசு நடத்தியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதையே தடை செய்துள்ளது.

ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. தாய் தன் பிள்ளையின் தலையில் கைவைத்து ஓதி ஊதட்டும், துஆச் செய்யட்டும். நோய்க்கு மருத்துவம் தேடும்படி நபி (ஸல்) அவர்களே அறிவுறுத்தியிருக்க, ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விடுவதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

களம்பூர்க்காரருக்கு வேலூர் எட்டாத ஊரன்று. ஆரணி ரோடு நிலையம் களம்பூரிலேயே இருக்கிறது. அங்கிருந்து காட்பாடி செல்லும் ரயில் பாதை வேலூர் வழியாகவே போகிறது. அங்கே பாகாயத்தில் உள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியின் குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வதற்குப் பெயர்பெற்றது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. முதலில் பேசிப் பார்க்க விரும்பினால் 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த அரசு உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

சிகிச்சை இரு வகை. எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பயிற்றுவிக்கும் உரையாடல் சிகிச்சை ஒன்று, மாத்திரை மற்றொன்று. மாத்திரை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் குணமில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், குணமானதும் நாமாக நிறுத்தவும் வேண்டாம். தூக்க மாத்திரையைக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்குவது பழக்க அடிமைத்தனத்தில் கொண்டுவிடும். ரமளானில் மருந்து நேரத்தைச் சஹருக்கோ நோன்பு திறந்த பின்னரோ மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இயலாதென்றால் நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை இவருக்கும் உண்டு.

இளைஞர்களே, தாக்குதல் வரும் அந்த நிமிடங்களைப் பற்றி உங்களிடம் சில சொற்கள். இருக்கும் இடத்தை விட்டு ஓடாதீர்கள். "இது என் உடலின் எச்சரிக்கை மணி, காரணமின்றி அடிக்கிறது, சற்று நேரத்தில் ஓயும்" என்று உங்களுக்கே சொல்லுங்கள். மூக்கால் மெதுவாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை நிதானமாக வெளியே விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். நிறுத்தி நிதானமாகக் குர்ஆன் ஓதுபவருக்கு இந்தப் பழக்கம் தானாகவே கைவந்திருக்கும். படங்களில் காட்டுவதுபோல் காகிதப் பையை முகத்தில் பொத்திக்கொள்வதை இன்றைய மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. தேநீரையும் காப்பியையும் குறையுங்கள், ஊக்கபானங்களை விட்டுவிடுங்கள், கைப்பேசியோடு விழித்திருக்கும் இரவுகளையும்தான்.

அஞ்சும் இடத்தைத் தவிர்த்தால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கும், அச்சமோ வேரூன்றும். பேருந்தைத் தவிர்த்தவர் அடுத்துக் கடைத்தெருவைத் தவிர்ப்பார், பிறகு திருமண வீட்டை, பிறகு பள்ளிவாசலை. ஆகவே திரும்பும் பயணமும் சிறுகச் சிறுகவே அமைய வேண்டும். வாசலருகே நிற்கும் பிள்ளையை முன்வரிசைக்கு இழுத்து நிறுத்தாதீர்கள். இந்த வெள்ளி அவன் அங்கேயே நிற்கட்டும். தந்தையோ அண்ணனோ அவன் அருகில், அதே கடைசி வரிசையில், நிற்கட்டும். படபடப்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், தொழுகை முடியும்வரை நிற்க முடிந்ததல்லவா? அடுத்த வெள்ளி இருவரும் ஒரு வரிசை முன்னால் நின்று பார்க்கலாம்.