குட்டையோ நெட்டையோ... ஜூடோவில் உங்கள் உடம்புக்கு ஒரு பிடி இருக்கு!

"இந்த உடம்பை வெச்சுக்கிட்டு இவளுக்கு எதுக்கு டாக்டர் ஜூடோ? நீங்களே சொல்லுங்க!"

என் வைத்தியசாலைக்கு வந்த தாயார் ஒருவர் இப்படித்தான் ஆரம்பித்தார். பக்கத்தில் தலைகுனிந்தபடி எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். குட்டையான உருவம், கனத்த தேகம். மூன்று வாரமாக இடது முழங்காலில் வலி. நாடி பார்த்தேன். கப தேகம். "நிறுத்திடும்மா, இது உன் உடம்புக்கு ஒத்து வராது" என்று சொல்லிவிட்டேன். அந்தக் குழந்தையின் கண்ணில் பொலபொலவென்று நீர்!

நான் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. முழங்காலுக்கு ஓய்வு தேவை என்பது சரி. உடம்புக்கு ஒத்து வராது என்றது தப்பு. அதைப் புரியவைத்தவர் அவளுடைய ஜூடோ மாஸ்டர்.

மனசு கேட்காமல் ஒரு நாள் மாலை அந்தப் பயிற்சிக் கூடத்துக்கே போனேன். "தப்பு உடம்புல இல்லீங்க டாக்டர், அவ தேர்ந்தெடுத்த வீச்சுல இருக்கு" என்றார் மாஸ்டர். வகுப்பில் உயரமான பெண்கள் 'ஊச்சி மாத்தா' என்ற வீச்சைப் போடுவதைப் பார்த்து இவளும் ஆசைப்பட்டிருக்கிறாள். ஒற்றைக் காலில் நின்று, மறு காலை எதிராளியின் தொடைகளுக்கு நடுவே வீசித் தூக்க வேண்டும். எதிராளி தன்னைவிட உயரம் என்றால், எம்பி எம்பித்தான் போட முடியும். உடம்பின் மொத்த பாரமும் ஊன்றிய இடது முழங்காலில் இறங்கி, அதோடு முறுக்கும். வலி வராமல் என்ன செய்யும்?

சிறிய உருவம் கண்ட கலை

ஜூடோவை உருவாக்கிய ஜப்பானின் ஜிகோரோ கானோ (1860-1938) நெட்டையான பயில்வான் அல்ல, சிறிய உருவம்தான். இளம் வயதில் தன்னைவிடப் பெரிய சக மாணவர் ஒருவரை அவரால் வீழ்த்தவே முடியவில்லை. நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டி, எதிராளியைத் தோளில் ஏற்றிச் சுழற்றிப் போடும் 'காட்டா குருமா' என்ற வீச்சைக் கண்டுபிடித்து வந்து ஜெயித்தார்! 1882-ல் டோக்கியோவில் கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். ஆக, தன் உடம்புக்கு ஏற்ற வீச்சைத் தேடுவது இந்தக் கலையோடு கூடப் பிறந்தது.

நம் சித்த மருத்துவத்திலும் வாத, பித்த, கப தேகிகள் என்று பிரித்துத்தான் மருந்தும் உணவும் சொல்கிறோம். ஜூடோ வீச்சுக்கு நாடி பார்க்க வேண்டியதில்லை. உயரம், எடை, கை கால் நீளம் பார்த்தால் போதும்.

உங்கள் உடம்பு எது?

*உயரமா, கை கால் நீளமா?* ஊச்சி மாத்தா, எதிராளியின் காலைப் பின்னாலிருந்து வாரிவிடும் 'ஓ சோட்டோ காரி' இரண்டும் பொருந்தும். பிடி உயரமாக இருக்கட்டும். ஒரு கை எதிராளியின் பின்கழுத்துக் காலரில், மறு கை அவர் சட்டைக் கையில். பிரான்சின் டெடி ரினர் 2.04 மீட்டர் உயரம். இப்படி மேலிருந்து பிடித்து அழுத்தித்தான் எதிராளிகளைத் திணறடித்தார்.

*குட்டையா, சுறுசுறுப்பா?* எதிராளியின் இடுப்புக்குக் கீழே உங்கள் இடுப்பு சுலபமாக நுழையும். அதுதான் உங்கள் வரம்! முதுகில் ஏற்றிப் போடும் 'செயோ நாகே' உங்களுக்கானது. பிடியை மார்பு உயரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையைப் பின்கழுத்துக்குப் போக விடாதீர்கள். ஜப்பானின் தோஷிஹிகோ கோகா இந்த வீச்சில் மன்னர். 1990-ல் எடைப் பிரிவே இல்லாத அகில ஜப்பான் போட்டியில், தன்னைவிட மிகக் கனமானவர்களோடு மோதி இறுதிச் சுற்று வரை போனார்.

*கனத்த, உறுதியான உடம்பா?* ஓடி ஆடி எம்ப வேண்டாம். நெருங்கி நின்று, இரண்டு காலும் ஊன்றி, இடுப்பில் ஏற்றிப் போடும் 'ஓ கோஷி' நல்லது. தரையில் அமுக்கிப் பிடிக்கும் பிடிகளில் உங்கள் எடையே ஆயுதம்.

*ஒல்லியா, பலம் குறைவா?* எதிராளி அடி எடுத்து வைக்கும் நொடியில் பாதத்தைத் தட்டிவிடும் 'தே ஆஷி பராய்' பழகுங்கள். இதற்குப் பலத்தைவிட நேரம் பார்க்கும் கண்தான் முக்கியம்.

எந்தப் பிடியானாலும் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் மூன்றும் இறுக்கமாக, மற்ற இரண்டும் தளர்வாக இருக்கட்டும். எல்லா விரலையும் இறுக்கினால் முன்கை சீக்கிரம் களைத்துப்போகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஒற்றைக் காலில் முப்பது விநாடி ஆடாமல் நிற்க முடியவில்லையா? ஊச்சி மாத்தா இப்போது வேண்டாம். குதிகால் தரையில் பதிய, முழுதாகக் குந்தி எழ முடியவில்லையா? செயோ நாகேக்கு முன்னால் தொடையையும் கணுக்காலையும் தயார் செய்யுங்கள். ஒரு விஷயம், வளரும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு மாறும். பன்னிரண்டு வயதில் குட்டையாக இருந்தவன் பதினாறில் பனைமரமாக நிற்பான். வீச்சும் மாறத்தான் வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

முதலில் பழக வேண்டியது வீசுவது அல்ல, விழுவது! முகவாயை நெஞ்சோடு சேர்த்து, தன் இடுப்புப் பட்டையைப் பார்த்தபடி விழ வேண்டும். தலை தரையில் மோதக் கூடாது. இது பழகாத பிள்ளைக்கு ஓ சோட்டோ காரி போட விடாதீர்கள். பின்பக்கமாக விழும்போது தலையில் பலத்த அடிபட வாய்ப்பு உண்டு. விழுந்த பிறகு தலைவலி, வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு இருந்தால் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்!

சுளுக்கி வீங்கினால் முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், ஓய்வு. வீக்கம் வடிந்த பிறகே தைலம். அடிபட்ட உடனே போட்டு உருவுவது தப்பு. எடைப் பிரிவுக்காகப் பிள்ளையைப் பட்டினி போடுவதும் தப்பு.

2022-ல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 48 கிலோ பிரிவில் சுசீலா தேவிக்கு வெள்ளி. 78 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் தூலிகா மானுக்கும் வெள்ளி. ஒரே நாடு, ஒரே பதக்கம், இரண்டு விதமான உடம்பு!

அந்தப் பெண் என்ன ஆனாள் என்கிறீர்களா? ஆறு வாரம் ஓய்வும் தொடைப் பயிற்சியும். பிறகு ஓ கோஷியும் தரைப் பிடிகளும். முழங்கால் வலி போயிற்று. முதல் போட்டியில் தோற்றுத்தான் வந்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே வந்தாள். "நிறுத்திடும்மான்னு சொன்னீங்களே டாக்டர்!" என்றாள். "தப்புதாம்மா" என்று ஒப்புக்கொண்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தையிடம் "இந்த உடம்புக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கத் தோன்றினால், ஒரு நிமிஷம் பொறுங்கள். அந்த உடம்புக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள்.