மூட்டை தூக்கிய மேதை

பகலில் கப்பலில் மூட்டை தூக்குவார். ஓய்வு நேரத்தில் புத்தகம் எழுதுவார். அவர்தான் எரிக் ஹாபர். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளி.

சிறு வயதில் தாயை இழந்தார். கண் பார்வையும் போயிற்று. 15 வயதில் பார்வை திரும்பியது என்று அவரே கூறி இருக்கிறார். அது மறுபடியும் போய்விடுமோ என்ற பயத்தில், கிடைத்ததை எல்லாம் படித்தார்!

பல ஆண்டுகள் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தார். 1943-ல் துறைமுகத்தில் சேர்ந்தார்.

மனைவி இல்லை

ஹாபர் கலியாணம் செய்துகொள்ளவில்லை. வாடகை அறையில் தனியாக வாழ்ந்தார். கூட வேலை பார்த்த ஒருவரின் குடும்பம் அவரிடம் பாசம் காட்டியது. அந்த வீட்டுக் குழந்தை ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். தனிமரம் தோப்பில் சேர்ந்தது!

எந்திரம் வந்தது

1960-ல் தொழிற்சங்கமும் முதலாளிகளும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். எந்திரங்களைச் சங்கம் ஏற்றது. பதிலுக்கு, வேலைக்கு உத்தரவாதமும் ஓய்வுப் பணமும் கிடைத்தன. மூட்டைகள் போய், பெரிய இரும்புப் பெட்டிகள் வந்தன.

ஹாபர் கவலைப்பட்டார். கூலியைப் பற்றி மட்டும் அல்ல. வேலை போனால் மனிதனின் தன்மதிப்பும் போய்விடும் என்பதே அவர் கவலை.

1936-ல் பட்டாணி பறித்துக்கொண்டிருந்த அவர், பீன்ஸ் பறிக்கப் போனார். அதற்கே மனம் தயங்கியதாம்! கைப்பழக்கம் மாறுவதே இப்படி என்றால், பிழைப்பே மாறும்போது?

இதை அவர் 1963-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார்.

அவருடைய முதல் புத்தகம் 1951-ல் வந்தது. புகழ் தேடி வந்தது. ஆனால் அதன் பிறகும் 16 ஆண்டுகள் அவர் மூட்டை தூக்கினார்!